சென்னை பாத்ரூம் சுவருக்கு நாமே பெயிண்ட் அடிப்பது: சுரண்டுவது முதல் கடைசிக் கோட்டிங் வரை

சென்னையில் பாத்ரூம் பெயிண்ட் உரிந்து வந்தால் எல்லோரும் திட்டுவது பெயிண்டைத்தான். உண்மையில் தவறு பெரும்பாலும் அதற்குப் பின்னால், சுவருக்குள் இருக்கும் ஈரத்தில்தான். சிமெண்ட் பூச்சு காயுமுன் பட்டி (சுவரைச் சமமாக்க இழுக்கும் மாவு), பட்டி காயுமுன் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பிரைமர் தொட்டால் ஒட்டும்போதே பெயிண்ட் என்று அவசரமாக முடித்த சுவர், அடுத்த ஐப்பசி மழையைத் தாண்டாது. கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும். சுவர் காயும்வரை அவரால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. சனி, ஞாயிறுகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாத்ரூமைத் தானே புதுப்பிக்கிறவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. எத்தனை விலை கொடுத்து எந்த பிராண்ட் வாங்கினாலும் கிடைக்காத ஒன்று அவர் கையில் இருக்கிறது: காயவிடுவதற்கான நேரம். அதை எந்தக் கட்டத்தில், எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நம் ஊரில் வழக்கமாக இருக்கும் பாத்ரூமையே மனதில் வைத்து எழுதுகிறேன். ஏழு அடி வரை டைல்ஸ், அதற்கு மேல் மூன்றடிச் சுவர், மேலே கான்கிரீட் தளம், ஒரு மூலையில் கீசர், ஒரு வென்டிலேட்டர். பெயிண்ட் படும் இடம் குறைவுதான். ஆனால் வெந்நீர் ஆவி முழுவதும் மேலே போய்ப் படிவது அந்த இடத்தில்தான்.

எப்போது தொடங்குவது, எதற்குப் பிறகு அடிப்பது

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதங்களில் பட்டி, பெயிண்ட் இரண்டையும் தொடவே வேண்டாம். பழைய டைல்ஸ் உடைப்பது, பைப் மாற்றுவது போன்ற வேலைகளை மழைக்காலத்தில்கூட வைத்துக்கொள்ளலாம். தை பிறந்து, வெயில் ஏறத் தொடங்கிய பிறகு பெயிண்ட் வேலைக்கு வாருங்கள். மாசி, பங்குனி மிக நல்ல மாதங்கள். கத்திரி வெயிலில் சுவர் நன்றாகக் காயும். ஆனால் பட்டி இழுக்கும்போதே இறுகும் என்பதால் கை வேகமாகப் போக வேண்டும்.

வரிசை முக்கியம். சுவரை வெட்டி பைப்பும் வயர் குழாயும் பதிப்பது, வெட்டிய இடத்தைப் பூசுவது, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், டைல்ஸ் இடுக்குக்கு கிரௌட், இவை எல்லாம் முடிந்த பிறகே பட்டி. பட்டி, பிரைமர், முதல் கோட்டிங் வரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து எக்ஸாஸ்ட் ஃபேன், லைட், கீசர் பாயிண்ட் வேலைகளை முடிக்கட்டும். எவ்வளவு கவனமானவர் வந்தாலும் சுவரில் கைத்தடம் பதியத்தான் செய்யும். அவர் போன பிறகு கடைசிக் கோட்டிங் அடித்து, அதன் பின் கண்ணாடி, டவல் ராடு, ஸ்விட்ச் மூடி எல்லாம் மாட்டலாம்.

வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால், வேலை நடக்கும் வாரங்களிலும் குளித்துத்தான் ஆக வேண்டும். கீழே டைல்ஸ் இருப்பதால் வாளியில் மொண்டு குளிக்கலாம். ஷவரையும் கொதிக்கும் வெந்நீரையும் பட்டி தொடங்கும் நாளிலிருந்து கடைசிக் கோட்டிங் காய்ந்து முடியும் வரை தள்ளிவையுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். தலைக்கு மேல் தளத்தில் வட்டமாகப் பழுப்புக் கறை இருக்கிறதா? அது பெரும்பாலும் மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகல். அடுக்குமாடிகளில் பாத்ரூம் தரையை இறக்கிக் கட்டி, அந்தப் பள்ளத்தில் பைப்புகளை ஓட்டி நிரப்பியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கு விட்டுப்போனால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தங்கி, மெதுவாகக் கீழே கசியும். நீங்கள் கீழே என்ன அடித்தாலும் நிற்காது. மேல் வீட்டுக்குப் போய், “அக்கா, ரெண்டு மூணு நாள் அந்த பாத்ரூம்ல தண்ணி ஊத்தாம இருக்க முடியுமா? கறை காயுதான்னு பார்க்கணும்” என்று கேளுங்கள். கறை வெளிறினால் காரணம் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகு தளம் முழுதாகக் காயப் பல வாரங்கள் ஆகும். நமக்குத்தான் அவசரம் இல்லையே.

கறை எதுவும் இல்லாத சுவரிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, பெயிண்ட் சுரண்டிய சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்று புகாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் ஈரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரப்பதம். அதற்குத் தேவை காற்றோட்டம்தான், சுவரில் கோளாறு இல்லை. உள்பக்கம் நனைந்திருந்தால் ஃபேனை ஓடவிட்டு, அடுத்த வாரம் மறுபடி ஒட்டிப் பாருங்கள். ஷீட் காய்ந்து வரும் வாரம்தான் பட்டி வாங்கும் வாரம்.

புதிதாகப் பூசிய இடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. சிமெண்ட் பூச்சு இறுகிக் காயக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். ஈரம் மட்டுமல்ல, புதுச் சிமெண்டில் காரமும் மிக அதிகம். அந்தக் காரம் எண்ணெய் கலந்த பெயிண்டைச் சோப்பாக்கிவிடும். அப்படிப்பட்ட சுவரில் எனாமல் பிசுபிசுத்து உரிவதற்கு அதுதான் காரணம்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருக்கிறதா? சுவருக்குள் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போகிறது. அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். சில வாரம் கழித்து மறுபடி பூத்தால் ஈரம் இன்னும் நிற்கவில்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, மரச் சட்டங்களின் மேல் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமும் சுண்ணாம்புக் காரைச் சுவரும் உள்ள வீடு என்றால், கீழே எழுதியிருக்கும் சிமெண்ட் பட்டி முறை உங்களுக்கு இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புள்ளது. அதன் மேல் இறுக்கமான பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு, காரையோடு சேர்த்துப் பெயர்த்துவிடும். அங்கே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, சுண்ணாம்பே அடிப்பதுதான் நல்லது.

பூசணமும் சுரண்டலும்

மூலையில் கரும்புள்ளிகளாகத் தெரிவது பூசணம். அதன் மேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் பெயிண்டைத் தாண்டி வெளியே வரும். சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, ஸ்பாஞ்சால் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தளத்தில் தடவும்போது கண்ணில் சொட்டும்.

இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிளீச் தடவும் நாளில் பாத்ரூம் ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் எடுக்காதீர்கள். ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் மட்டுமே உள்ள அந்த அறையில் அது உயிருக்கே ஆபத்து. முந்தின நாள் ஆசிட் ஊற்றித் தரை கழுவியிருந்தால், நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுரண்டல். பட்டி பிளேடால் உரியும் பெயிண்ட் எல்லாவற்றையும் எடுங்கள். விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியான சத்தம் தரும். விட்டுப்போன இடத்தில் உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்கும். அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் பூச வேண்டும். பிறகு அதற்கும் 28 நாள்.

உரியாமல் பிடிவாதமாக நிற்கும் பழைய பெயிண்டை நம்பலாமா? பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு துண்டுகள் வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் எடுத்தாக வேண்டும். வரவில்லை என்றால் 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும்.

சுவரில் இருப்பது பழைய எனாமல் என்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் தெளித்து, ஈரத்துக்கான உப்புத்தாளால் தேய்த்து, கசடைத் துணியால் வழித்தெடுங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பட்டி: மெல்லியதாக, நல்ல தண்ணீரில்

பாத்ரூமுக்கு வெள்ளைச் சிமெண்ட் பட்டிதான். டப்பாவில் குழைவாக வரும் அக்ரிலிக் பட்டி இழுக்கச் சுலபம். ஆனால் ஈரம் பட்டால் இளகும், ஹாலில் வைத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஐந்துக்கு எட்டு அடி பாத்ரூம், உயரம் பத்து அடி, ஏழடி வரை டைல்ஸ். சுற்றளவு 26 அடி, அதை மூன்றடியால் பெருக்கினால் 78 சதுர அடி. தளம் 40. வென்டிலேட்டரைக் கழித்தால் மொத்தம் 115 சதுர அடி. இரண்டு கோட்டிங் பட்டிக்குச் சுமார் பத்து கிலோ, பிரைமர் ஒரு லிட்டருக்குச் சற்று மேல், எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) இரண்டு லிட்டர். சுவர் கரடுமுரடாக இருந்தால் பட்டி கொஞ்சம் கூடும். இருபது கிலோ மூட்டையாக வாங்காமல் ஐந்து கிலோ பைகளாக வாங்குங்கள். சென்னைக் காற்றில் ஒருமுறை பிரித்த பை அடுத்த வாரம் கட்டி தட்டிவிடும்.

கலக்கும் தண்ணீரை நம் ஊரில் யோசித்தே எடுக்க வேண்டும். வேளச்சேரி, திருவான்மியூர் என்று பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கலந்த பட்டியில் உப்பையும் நாமே சேர்த்துப் பூசுகிறோம். பத்து கிலோவுக்குத் தேவைப்படுவது நான்கு லிட்டர்தான். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டில் கலக்கவும் அதே தண்ணீர்தான்.

ஒருமுறைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். 350 முதல் 400 மில்லி தண்ணீர், கட்டி இல்லாமல் பத்து நிமிடம் நன்றாகக் கலக்க வேண்டும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய பட்டியில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கினால் அதன் பலம் போய்விடும், காய்ந்த பிறகு விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரம் உறிஞ்சியதும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக இழுங்கள். இரண்டாவது கோட்டிங் மறுநாள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளம் பெரிதென்றால் அதைச் சிமெண்ட் கலவையால்தான் அடைக்க வேண்டும். பட்டியை அப்பி நிரப்பினால் அந்த இடம் கீறல் விடும். தளத்தில் எவ்வளவு குறைவாகப் பட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சின்ன ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டு நேரே பிரைமருக்குப் போய்விடுவது என் வழக்கம்.

அடுத்த வாரம் தேய்ப்பு. லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பிளேடு விட்ட வரப்புகள் ஒவ்வொன்றும் நிழல் விழுந்து தெரியும். பென்சிலால் குறித்துக்கொண்டு முதலில் 180, பிறகு 320 உப்புத்தாளால் தேய்த்தால் சுவர் கண்ணாடிபோல் வந்துவிடும். தேய்த்த தூளை முழுவதும் துடைத்தெடுங்கள். தூள் மேல் பிரைமர் அடித்தால் அது சுவரில் ஒட்டாது, தூளில்தான் ஒட்டும்.

பிரைமர், பெயிண்ட் தேர்வு

காரத்தைத் தாங்கும், தண்ணீரில் கலக்கும் பிரைமர் ஒரு கோட்டிங். வெள்ளைச் சிமெண்ட் பட்டிக்கு பிரைமர் தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். ஹாலுக்கு அது சரியாக இருக்கலாம். பாத்ரூமில் தவிர்க்காதீர்கள். பிரைமர் அடித்து ஒரு மாதம் இடைவெளி விழுந்துவிட்டால், 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பெயிண்டைத் தொடங்குங்கள்.

பெயிண்ட் கடையில் நடக்கும் உரையாடல் கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும் ஒன்றுதான். “பாத்ரூமுக்கா சார்? எனாமல் அடிச்சிடுங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.” “வேணாம்ணே, வாஷபிள் எமல்ஷன், சாட்டின் ஃபினிஷ், பூசணம் பிடிக்காததா குடுங்க.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எனாமல் மேல் தண்ணீர் நிற்காது. ஆனால் சுவரின் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் எனாமல் விடாது. கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வரும். வெயில் படாத அறையில் வெள்ளை எனாமல் மஞ்சளாகவும் மாறும். டிஸ்டம்பர் ஆவியிலேயே கரையும். முழு மேட் எமல்ஷனில் கறை துடைத்தால் தடம் விழும். மிதமான பளபளப்புள்ள சாட்டின்தான் துடைக்கவும் வசதி, ஆவியையும் தாங்கும். வெளிச்சுவர் பெயிண்டை உள்ளே அடிப்பவர்கள் உண்டு. அதில் சேர்க்கும் பூசணக் கொல்லிகள் திறந்தவெளிக்கானவை, மூடிய சின்ன அறைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் நிறமாக எடுங்கள். தண்ணீர் தெறித்த உப்புத் தடம் அடர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். மெஷினில் கலர் கலக்கி வாங்கும்போது தேவையான முழு அளவையும் ஒரே நாளில் வாங்கி, இரண்டு டின் என்றால் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். கலர் எண் அச்சடித்த சீட்டை டின்னிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

அடிக்கும் நாள்

மெயின் போர்டில் பாத்ரூமுக்கான எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை) இறக்கிவிட்டு, ஸ்விட்ச் மூடிகளைக் கழற்றுங்கள். ஏணிக் கால்களுக்குக் கீழே சாக்கு விரியுங்கள், டைல்ஸில் வழுக்கும். கமோடின் மேல் ஏறி நின்று அடிப்பதை நினைக்கவே வேண்டாம்.

எல்லோரும் குளித்து முடித்து, ஈரம் வடிந்த பிறகு முற்பகலில் தொடங்குங்கள். முதலில் தளம், பிறகு சுவர். மூலைகளையும் டைல்ஸ் விளிம்பையும் இரண்டு இன்ச் பிரஷால் கோடு பிடித்துக்கொண்டு, அந்தக் கோடு காய்வதற்குள் நான்கு இன்ச் ரோலரால் உள்பக்கத்தை அடியுங்கள். கீசருக்குப் பின்னாலும் அந்தச் சின்ன ரோலர் போகும். ஒரு சுவரைப் பாதியில் நிறுத்த வேண்டாம். நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். பெயிண்டில் கலக்கும் தண்ணீர், டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. தண்ணியான பெயிண்ட் தளத்திலிருந்து கையில்தான் வழியும். சில மணி நேரத்தில் அடுத்த கோட்டிங் அடிக்கலாம் என்று டின் சொல்லும். பாத்ரூமில் ஓர் இரவாவது விடுங்கள். ஒரு வாரமே விட்டாலும் நஷ்டமில்லை.

டைல்ஸ் முடிந்து பெயிண்ட் தொடங்கும் விளிம்புக்கு ஒரு பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். டைல்ஸின் மேல் விளிம்பு சுவரை விட்டு அரை இன்ச் வெளியே நிற்கும். தளத்தில் கோத்த ஆவி சுவரில் வழிந்து வந்து அந்தத் திட்டில் தங்கி, டைல்ஸுக்குப் பின்னால் இறங்கும். அங்கிருந்துதான் பெயிண்ட் முதலில் உப்பும். டைல்ஸ் விளிம்பையும் சுவரையும் சேர்த்து, பெயிண்ட் பிடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட்டை, பிரைமர் அடித்த பிறகு இழுத்து, ஈர விரலால் சரிவாக வழித்துவிடுங்கள். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. சீலன்ட் காய்ந்த பிறகு டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். அடுத்த வாரமும் அடிக்கத்தானே போகிறோம் என்று டேப்பை விட்டுவைத்தால் பசை டைல்ஸிலேயே தங்கிவிடும்.

வாரங்களுக்கு இடையில் பொருள்களும் கெடாமல் இருக்க வேண்டும். பிரித்த பட்டிப் பையை இறுகக் கட்டி, மூடியுள்ள பக்கெட்டில் வையுங்கள். பெயிண்ட் டின்னின் விளிம்பைத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் வைத்து மூடியை அடித்து மூடுங்கள். மொட்டை மாடி அறையிலோ பால்கனியிலோ வேண்டாம், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். பிரஷையும் ரோலரையும் அன்றன்றே கழுவிக் காயவையுங்கள்.

கடைசிக் கோட்டிங்குக்குப் பிறகு

தொட்டால் காய்ந்திருக்கும் பெயிண்ட் உள்ளே முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஆவி படிந்தால் பழுப்பாக, டீ வழிந்த மாதிரி பிசுபிசுப்பான கோடுகள் இறங்கும். பெயிண்டில் கலந்திருக்கும், தண்ணீரில் கரையும் பொருள்கள்தான் அப்படி வெளியே வருகின்றன. பயந்து மறுபடி அடிக்க வேண்டாம். ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்தால் போய்விடும், இரண்டொரு தடவை திரும்ப வந்து நின்றுவிடும். குறைந்தது ஒரு வாரம் வெந்நீர் ஷவர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இது வராமலே போகும். ஒரு மாதம் வரை சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கத் தொடங்கும்போதே போட்டு, முடித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். கதவு முழுதாக மூடியிருந்தால் ஃபேன் வீணாகச் சுற்றும், கதவுக்கு அடியிலாவது காற்று உள்ளே வர இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளில் பெயிண்ட் ஒட்டித் திறக்காமல் போயிருந்தால் இப்போதே பிளேடால் கீறி விடுவித்துவிடுங்கள்.

கண்ணாடி, டவல் ராடு மாட்டத் துளை போடும்போது, பிளக் வைப்பதற்கு முன் துளைக்குள் கொஞ்சம் சிலிகான் செலுத்துங்கள். அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீர் பூச்சுக்குள் போகும். டிரில் தூள் புதுப் பெயிண்டில் படியாமல் இருக்க, துளைக்குக் கீழே மாஸ்கிங் டேப்பால் ஒரு தாளை மடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். மீந்த பெயிண்டை ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் நிரம்ப ஊற்றி, கலர் எண்ணையும் அடித்த மாதத்தையும் எழுதி வையுங்கள். டச்-அப்புக்கு அது போதும்.